இறால் தின்னும் விதம்

வரட்டும், தானாக வரட்டும், கூப்பிட்டால் வருகிற ரகமா அது என்று சுயம்புக்கனி தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் பக்கத்து நாற்காலியில் வண்டியோட்டுகிற டெரன்ஸ் என்ன மேடம் என்பான், அவனுக்குப் பதில் சொல்லத் திரும்ப வேண்டும், திரும்புகிற அந்த நேரம் பார்த்து இறால் வந்து தின்றுவிட்டுப் போயே போய்விடும், அவள் ராசி அப்படி. வண்டி என்றால் ரோட்டில் ஓடுகிற வண்டி இல்லை. கப்பலிலிருந்து நீளக் கேபிளில் இறக்கிவிட்ட ஆளில்லாத எந்திரம் அது, ஆயிரம் மீட்டருக்குக் கீழே கடலின் அடிமண்ணுக்குப் பக்கத்தில் நின்று கேமராவால் பார்த்துக்கொண்டிருக்கிறது. அது பார்ப்பதைக் கப்பலின் பின்தளத்தில் ஓர் இரும்புக் கண்டெய்னருக்குள் உட்கார்ந்து இவர்கள் இரண்டு பேரும் திரையில் பார்க்கிறார்கள். வெளியே மத்தியான வெயிலில் தளம் கொதிக்கிறது, உள்ளே மெஷின்களுக்காகப் போட்ட ஏசியில் மனுஷர் விறைக்கிறார்கள். சுடிதாருக்கு மேல் புருஷன் குணசீலனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தாள், மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்தபோது அவர் போட்டது, கை நீளம், எத்தனை மடிப்பு மடித்துவிட்டாலும் இறங்கி வந்து விரலை மூடியது. திரையில் சாம்பல் நிற மண். மண்ணில் ஒரு கம்பி, கம்பியில் இரையாகக் கட்டின இரண்டு கானாங்கெளுத்தி மீன். அவ்வளவுதான். மேலேயிருந்து பொடிப்பொடியாக என்னவோ உதிர்ந்துகொண்டேயிருந்தது, கடலில் செத்ததும் கழிந்ததும் சேர்ந்த தூசு, வருஷம் பூரா உதிர்வது, அதைத் தின்றுதான் கீழே பாதி உயிர்கள் பிழைக்கின்றன. இந்நேரம் அவரை உள்ளே கூட்டிப்போயிருப்பார்கள். இல்லை, முடிந்தே போயிருக்கும். பதினோரு மணி என்று சொல்லியிருந்தார்கள், ஆஸ்பத்திரியில் பதினோரு மணி என்றால் ஒரு மணி, ஒரு மணி என்றால் நாளைக்கு. அவள் திரையைப் பார்த்தாள்.

நோய் போய்விட்டது, அதையும் சொல்ல வேண்டும், புருஷன் தொண்டையில் இருந்த கட்டி கரைந்தே போய்விட்டது, டாக்டர் படத்தைக் காட்டிக் கையெல்லாம் கொடுத்தார். ஆனால் கரண்ட் வைத்து, அதாவது ரேடியேஷன் கொடுத்து, கரைத்ததில் விழுங்குகிற வித்தையும் சேர்ந்து போய்விட்டது. ஊருக்கெல்லாம் கரண்ட் குடுத்தவனுக்குக் கரண்ட் வச்சே வைத்தியமா என்று அவர் நர்ஸிடம் கேலி பேசினார், காற்றாக வந்த குரலில். மூக்கு வழியாக ஒரு குழாய் இறங்கி நேரே வயிற்றுக்குப் போயிற்று. சத்துமாவைக் கரைத்து அதில் ஊற்றி, மாத்திரையைப் பொடித்து அதில் ஊற்றி, ருசி என்பது என்னவென்று கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டார். இன்றைக்கு டெஸ்ட். எக்ஸ்ரே முன்னால் உட்கார வைத்து ஒரு ஸ்பூன் கூழ் கொடுப்பார்கள். அது வயிற்றுக்குப் போனால் மூக்குக் குழாயைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வாயால் சாப்பிடலாம். தப்பித்தவறி நுரையீரலுக்குப் போனால் வயிற்றில் துளை போட்டு நிரந்தரமாக ஒரு குழாய், அதன் பிறகு வாய்க்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. குணசீலனுக்கு அப்படி ஒரு வாழ்க்கையா. பொரிச்ச பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் ஊறப்போட்டுவிட்டு, அது ஊறுகிறவரைக்கும் பக்கத்து டேபிள்காரனிடம் உலகக் கதையெல்லாம் பேசுகிற மனுஷனுக்கா. இப்படிப்பட்ட நாளில் பெண்டாட்டிக்காரி நடுக்கடலில் என்ன செய்கிறாள் என்று நாலு பேர் கேட்பார்கள், கேட்டார்கள். அவருடைய அக்கா வேலம்மாள் மதினி வாயால் கேட்காமல் முகத்தாலேயே கேட்டாள். கப்பல் கிடைப்பது லேசில்லை, இந்த வண்டி கிடைப்பது அதைவிட லேசில்லை, அடுத்த தடவை கிடைப்பதற்குள் அவள் ரிட்டயர் ஆகிவிடுவாள், அதெல்லாம் வாஸ்தவம். போயிட்டு வாட்டி, பாத்துட்டு வந்து எங்கிட்டச் சொல்லு என்று அவரே கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சொன்னதும் வாஸ்தவம். ஆனால் அது மட்டும் காரணமில்லை. காரணம் வேறே. அதை நினைக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் திரையின் ஓரத்தில் மயிரிழை ஒன்று அசைந்தது.

மீசை. இறாலின் மீசை முதலில் வரும், பிறகு சாவகாசமாக ஆள் வரும், ஆளைவிட மீசை இரண்டு மூன்று மடங்கு நீளம். டெரன்ஸும் பார்த்துவிட்டான், மணப்பாட்டுப் பையன், சத்தம் போடாமல் புருவத்தை மட்டும் தூக்கினான். வெள்ளை விளக்கை அணைத்துவிட்டுச் சிவப்பு வெளிச்சம் மட்டும் போட்டிருந்தார்கள், அதுதான் இந்தத் தொழிலின் முறை, ஏனென்றால் அந்த ஆழத்து உயிர்களுக்குச் சிவப்பு என்று ஒரு நிறம் இருப்பதே தெரியாது. நாம் பார்ப்போம், அதற்கு இருட்டுத்தான். பார்க்கிறார்கள் என்று தெரியாமல் இருந்தால்தான் அது அதுவாக இருக்கும். வந்தது. ஒட்டடைக்குச்சி போன்ற நீளக் கால்களை மண்ணில் ஊன்றி ஊன்றி, வாசனை வருகிற பக்கமாக நாலு எட்டு வைத்து, நின்று, மீசையை அப்படியும் இப்படியும் வீசிப் பார்த்து, மீன் இருக்கிற இடத்தை விட்டுவிட்டு மீன் இல்லாத இடத்தில் தேடியது. அட கூறுகெட்டதே என்று கனிக்கு வாய்வரை வந்துவிட்டது. இத்தனை வருஷ இறால் ஆராய்ச்சி சர்வீஸில் உயிரோடு இருக்கும் ஆழ்கடல் இறாலை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்றால் யாராவது நம்புவார்களா. வலையில் ஏறி வரும்போதே செத்திருக்கும், சிவப்புச் சிவப்பாகக் குவிந்து கிடக்கும், அதைப் பொறுக்கி ஃபார்மலினில் போட்டு, தலையைத் திறந்து, ஆமாம் தலைக்குள்தான் இறாலுக்கு வயிறு, அந்த வயிற்றை ஊசியால் கிழித்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பாள்: ஒரு மீன் செதில், ஏதோ ஒரு பூச்சியின் கால், கொஞ்சம் மண். என்ன தின்றது என்று இவளைப் போலச் சொல்ல ஆள் கிடையாது. எப்படித் தின்றது என்று கேட்டால் தெரியாது. அவர் விஷயமும் அப்படித்தான். தட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவாள், முருங்கைக்காய்ச் சக்கை கூட்டி வைத்திருந்தால் குழம்பு பிடித்திருக்கிறது, ரசத்து மிளகு வழித்து ஒதுக்கியிருந்தால் மனசு சரியில்லை, ஆபீஸில் எவனோ ஏதோ சொல்லியிருக்கிறான். ஆனால் அவர் சாப்பிடும்போது இவள் அடுப்படியில் நின்றாள், அல்லது லேபில் இருந்தாள், அல்லது எதிரிலேயே உட்கார்ந்து எதையாவது படித்துக்கொண்டிருந்தாள். எந்தப் பக்கத்துப் பல்லால் மெல்லுவார். முதல் கவளத்துக்குக் கண்ணை மூடுவாரா. மீன் முள்ளை நாக்காலேயே தள்ளுவாரா, விரலை விட்டு எடுப்பாரா. குழாய் இறங்கின அன்றைக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரி வராண்டாவில் யாரோ ஒரு ஆள் பொட்டலத்தைப் பிரித்து இட்லி தின்றுகொண்டிருந்தார், அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் இவளுக்கு இது உறைத்தது, உறைத்த வேகத்தில் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஆசைதான். அவர் எதிரில் உட்கார்ந்து, கையில் ஒரு வேலையும் இல்லாமல், அவர் ஒரு வேளை சோறு தின்பதைப் பார்க்க வேண்டும்.

“டெரன்ஸ் தம்பி, கொஞ்சம் கிட்டப் போப்பா.”

“மேடம், கிட்டப் போனா மண்ணு கெளம்பும்.”

“கொஞ்சூண்டு.”

அவன் விரல் நுனியால்தான் தொட்டான், பாவம், அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வண்டியின் விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது, அடிமண் குபுகுபுவென்று எழும்பித் திரை முழுக்க மூடிவிட்டது. மீனும் இல்லை, கம்பியும் இல்லை, இறாலும் இல்லை. டெரன்ஸ் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான், நான் சொன்னேன்ல என்று அவன் சொல்லவில்லை, நல்ல வளர்ப்பு. இனி அந்தத் தூசு அடங்குகிறவரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், அங்கே நீரோட்டமும் சோம்பேறி, அடங்க நேரமாகும். இவ்வளவு அனுபவம் இருந்தும் கிட்டப் போகச் சொன்னது யார். அவள்தான். அன்றைக்கு வீட்டில் ஸ்பூனைக் கையில் வாங்கியதும் அவள்தான். விழுங்கப் பழக்குகிற தெரபிஸ்ட் பெண் வீட்டுக்கு வந்திருந்தாள், சின்னப் பொண்ணு, ரிப்பன் மாதிரி மெலிந்த உடம்பு, ஆனால் தொழில் சுத்தம். கெட்டியாகக் கரைத்த ராகிக் கூழ் அரை ஸ்பூன், நாடியை நெஞ்சோடு சேர்த்துக் குனிந்துகொண்டு, மூச்சை அடக்கி, ஒரே விழுங்கு, இப்படிப் பழக்கினாள். ரெண்டு தடவை போயிற்று, அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நான் குடுக்குறேன் என்று கனி வாங்கினாள். வாங்கி, அவர் வாயில் வைத்துவிட்டு, முகத்துக்கு நேராக முகத்தை வைத்து அவர் குரல்வளையைப் பார்த்தாள். பார்த்தாள் என்றால் பெண்டாட்டி பார்க்கிற பார்வை இல்லை அது. ஸ்பூன் வாய்க்குள் போன நேரத்திலிருந்து குரல்வளை ஏறி இறங்குகிற நேரம்வரை எவ்வளவு ஆகிறது என்று வாய்க்குள்ளேயே எண்ணினாள், ஒன்று ரெண்டு மூன்று நாலு, உதடு அசைந்தது, அவர் அதைப் பார்த்தார். அவள் எண்ணுகிறாள் என்று தெரிந்ததும் அவர் முகத்தில் ஒரு பதற்றம் வந்தது, சீக்கிரம் விழுங்கிக் காட்ட வேண்டும் என்கிற பதற்றம், பரீட்சை ஹாலில் வருவது, அவ்வளவுதான், புரையேறிவிட்டது. இருமி இருமிக் கண் சிவந்து, அதோடு போயிற்றா என்றால் இல்லை, ராத்திரி காய்ச்சல், மறுநாள் நுரையீரலில் சளி, ஆஸ்பத்திரி, ஊசி, மறுபடியும் முதலிலிருந்து. உலகத்தில் எந்தப் பொம்பளை புருஷன் வாயில் சோற்றை வைத்துவிட்டு எண்ணுவாள். தெரபிஸ்ட் பெண் பிறகு வராண்டாவில் தயங்கித் தயங்கிச் சொன்னாள், மேடம் தப்பா எடுத்துக்காதீங்க, அவங்க சாப்புடும்போது நீங்க பாக்காம இருந்தா நல்லது, நீங்க ரூம்ல இருந்தாலே அவங்களுக்குத் தொண்டை இறுகிருது. தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது. உண்மைதானே. அதனால்தான் கடலுக்கு வந்தாள், அதுதான் அந்தக் காரணம், இறாலும் இல்லை சர்வீஸும் இல்லை. தான் இருந்தால் அவரால் விழுங்க முடியாது. பார்க்க வேண்டும் என்று உயிரை விடுகிறவள் பார்க்காமல் இருந்தால்தான் அது நடக்கும் என்றால், ஆண்டவனே, இது என்ன கணக்கு. மேலே பிரிட்ஜில், கப்பலை ஓட்டுகிற அறையில், சாட்டிலைட் போன் இருக்கிறது, குரியன் சார்தான் இந்தப் பயணத்துக்குத் தலைவர், காலையிலேயே சொன்னார், கனி மேடம், எப்ப வேணும்னாலும் போய்ப் பேசிக்கோங்க என்று. அவள் போகவில்லை. வண்டி கீழே இருக்கும்போது எப்படிப் போவது என்று சொன்னாள். பயம், வேறென்ன. ஆஸ்பத்திரியில் கூட இருக்கிற மதினி போனை எடுத்து ஒன்றும் பேசாமல் மூக்கை உறிஞ்சினால் அப்புறம் இந்தக் கடலில் எந்தப் பக்கம் ஓடுவது.

தூசு அடங்கியது. முதலில் கம்பி தெரிந்தது, பிறகு மீனின் வெள்ளை வயிறு, பிறகு பார்த்தால் மீனின் மேலேயே இறால் உட்கார்ந்திருந்தது. தூசுக்குள்ளேயே வந்திருக்கிறது, இவர்கள் பார்க்க முடியாத நேரம் பார்த்து வந்து உட்கார்ந்திருக்கிறது, அதன் சாமர்த்தியத்தை என்ன சொல்ல. சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு இறால் வெளுத்துத் தெரியும், பால்வெளுப்பாக இருந்தது. முன்கால்களின் நுனியில் துளியூண்டு இடுக்கி, அதனால் மீன் தோலில் ஒரு கிள்ளு, கிள்ளியதை வாய்க்குக் கொண்டுபோயிற்று, வாயென்றால் ஒரு வாயா, அடுக்கடுக்காக உறுப்புகள், ஒன்று வாங்கி ஒன்றுக்குக் கொடுத்து அது உள்ளே தள்ளியது. இடது கால் கொடுக்கும்போதே வலது கால் அடுத்த கிள்ளுக்குப் போய்விட்டது. நிறுத்தவே இல்லை. அவசரமும் இல்லை. நடுவில் ஒரு தடவை மீசையை இழுத்து வாயில் விட்டு நீளத்துக்கும் துடைத்துக்கொண்டு மறுபடி கிள்ளப் போயிற்று. படித்ததெல்லாம் ஒன்றும் இல்லை, இப்படியென்று எவனும் எழுதவில்லை, இவ்வளவு நிதானம் என்று எவனும் எழுதவில்லை. அவள் எத்தனை நேரம் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. இன்னொன்று வந்து வால் பக்கம் உட்கார்ந்தது, இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை, கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கள் மாதிரி தன்பாட்டுக்குத் தின்றன. அந்தத் தலைக்குள், கண்ணாடித்தோலுக்குப் பின்னால், வயிறு லேசாகக் கறுத்துக்கொண்டு வந்தது. நிறைகிறது. சாகாமல், கிழிபடாமல், கண்ணுக்கு முன்னால் ஒரு வயிறு நிறைகிறது. இதைப் பார்க்கத்தானே ஆசைப்பட்டாய், பார்த்துக்கொள் என்று தனக்குச் சொன்னாள், ஆனால் மனசு பொல்லாதது, பார்க்கப் பார்க்க அது வேறு ஒரு வாயைக் கேட்டது, மீசை நரைத்த வாய், மேலுதட்டில் குழாயை ஒட்டின பிளாஸ்திரித் தழும்போடு இருக்கிற வாய். அவர் இந்த நேரம் வாயைத் திறந்திருப்பாரா. யார் கொடுத்திருப்பார்கள். நாடியை நெஞ்சோடு சேர்த்திருப்பாரா, மறந்திருப்பாரா. கன்னத்தில் ஏதோ ஊர்ந்தது, சட்டைக்கையால் துடைத்தாள். டெரன்ஸ் திரையை விட்டுக் கண்ணெடுக்காமலே, “அழகா திங்குதுல்ல மேடம்” என்றான். “ஆமாப்பா” என்றாள்.

வானிலை திரும்புகிறது, வண்டியை ஏற்றுங்கள் என்று குரியன் சார் குரல் ஸ்பீக்கரில் வந்தபோது இறால்கள் இன்னும் தின்றுகொண்டிருந்தன. வண்டி எழும்பியது, மீனும் இறால்களும் சின்னதாகி மங்கிப் போயின. எழுந்தால் கால் மரத்துப் போயிருந்தது. வெளியே வந்தால் வெயில் கண்ணைக் குத்தியது, பிரிட்ஜுக்குப் போகும் இரும்புப் படியில் கைப்பிடி சுட்டது. ஏறும்போது போகாதே என்று ஒரு குரல், போடி என்று ஒரு குரல். என்னவாக இருந்தாலும் அவர் இருக்கிறார் அல்லவா, குழாயோடு இருந்தாலும் இருக்கிறார் அல்லவா என்று ஒரு சமாதானம், அந்தச் சமாதானத்தைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஏக்கம் தன்பாட்டுக்கு முன்னால் ஏறிப்போயிற்று. போனைக் காதில் வைத்தாள். அந்தப் போனில் பேச்சு வானத்துக்குப் போய்த் திரும்பி வரக் கொஞ்சம் தாமதம் ஆகும், இந்தப் பக்கம் ஹலோ சொல்லிவிட்டு அந்தப் பக்கத்து ஹலோவுக்குக் காத்து நிற்க வேண்டும். மதினி எடுப்பாள் என்று நினைத்தாள். எடுத்தது அவர்.

“என்னட்டி, பாத்தியா?”

அதே காற்றுக் குரல். என்ன முடிவென்று அதில் ஒன்றும் தெரியவில்லை.

“பாத்தேங்க. அது கெடக்கட்டும், உங்களுக்கு என்னாச்சு?”

“எப்படித் திங்குது, அதச் சொல்லு மொதல்ல.”

“கிள்ளிக் கிள்ளித் திங்குது. அவசரமே இல்ல. மீசையத் தொடச்சுக்கிட்டுத் திங்குது. ஏங்க, சொல்லுங்க, உயிர வாங்காதீங்க.”

தாமதம். அந்தத் தாமதத்துக்குள் அவள் எத்தனை தடவை செத்தாள் என்று கேட்கக்கூடாது.

“போயிருச்சு” என்றார்.

“எங்க போச்சு?”

“போக வேண்டிய எடத்துக்குத்தான். எக்ஸ்ரேல காட்டுனாங்க. கொழாயக் கழத்தியாச்சு, மூக்கு அரிக்குது.”

அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள். பிரிட்ஜில் ஸ்டீரிங் பக்கம் நின்ற ஆள் நாற்காலியைத் தள்ளினான், அது அவள் கண்ணில் படவில்லை. சந்தோஷம்தான், தலையிலிருந்து கால்வரை சந்தோஷம்தான், அதற்குள்ளே ஊசி முனையளவுக்கு ஒரு வலி, நான் பார்க்கவில்லையே, அது நடந்துவிட்டது, நான் பார்க்கவில்லையே.

“எப்படிங்க விழுங்குனீங்க? மொதல்ல நாக்குல வச்சிருந்தீங்களா, ஒடனே போயிருச்சா? வலிச்சுதா? கண்ண மூடிக்கிட்டீங்களா?”

“எப்படின்னா என்னத்தச் சொல்ல” என்று அவர் யோசித்தார். “விழுங்குனேன்.”

அவள் சிரித்தாள், சிரிப்போடு மூக்கும் ஒழுகியது. பத்து நாள் கழித்துத்தான் கப்பல் கரைக்குத் திரும்பும் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தப் பக்கம் ஏதோ முணுமுணுப்புக் கேட்டது, மதினியின் குரலும் அந்தத் தெரபிஸ்ட் பெண்ணின் குரலும், ஒன்றிரண்டு ஸ்பூன் கொடுக்கலாம் சார், மெதுவா, என்றது அந்தப் பெண். பிறகு அவர் குரல் மிகக் கிட்டத்தில் வந்தது, போனைத் தொண்டையோடு சேர்த்து வைத்துக்கொண்ட மாதிரி.

“கனி, பேசாம கேளு. அக்கா, அந்தக் கிண்ணத்த எடு.”

ஸ்பூன் கிண்ணத்தில் பட்ட சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. அது போனின் தாமதமா, அவர் வாயில் வைத்துக்கொண்டிருக்கிறாரா, தொண்டை இறுகிவிட்டதா, தெரிந்துகொள்ள வழியில்லை. ஒன்றும் தெரியாத இருட்டில் காதை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருமிவிடாதீர்கள், இருமிவிடாதீர்கள், மெதுவாக, எனக்காக அவசரப்பட வேண்டாம், நான் இங்கேயே இருக்கிறேன், எவ்வளவு நேரமானாலும் இருக்கிறேன். எங்கேயோ ஆஸ்பத்திரித் தள்ளுவண்டி உருண்டது, எவரோ யாரையோ கூப்பிட்டார்கள். பிறகு அது வந்தது, ஈரமாக, சின்னதாக, கதவுத் தாழ் விழுகிற மாதிரி ஒரு சத்தம். அதன் பின்னால் ஒரு நீள மூச்சு, மூக்கு வழியாக, தடையில்லாமல். இருமல் வரவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு போனைக் காதோடு அழுத்தினாள்.

“இன்னும் ஒரு வாய்” என்றாள்.